எரியக் கூடாத விளக்கு

என்னுடைய தகரப் பெட்டியில் இன்றைக்கும் கரண்ட் இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற ஒரு டெஸ்ட் லாம்ப் கிடக்கிறது. ஒரு பல்பு ஹோல்டர், அதிலிருந்து நீளமாக இரண்டு ஒயர், ஒயர் நுனிகளில் கொஞ்சம் செம்பு தெரியும். அவ்வளவுதான் சாமான். இது இரண்டாவதாக நான் செய்துகொண்டது. முதல் லாம்பை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் கொடுத்த கதையைத்தான் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

உங்கள் சட்டைப்பையில் இப்போது மீட்டர் இருக்கிறது. நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது எதுவானாலும், அதை எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் நம்முடைய பிழைப்பும் அடுத்தவர் உயிரும் இருக்கிறது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். புத்தகத்தில் இருப்பதைச் சொல்ல எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்லுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஜெனரேட்டர், மைக் செட், சீரியல் விளக்கு எல்லாம் வாடகைக்கு விடுகிற ஒரு கடையில் வேலை பார்த்தேன். கல்யாணம், காது குத்து, கோயில் கொடை எதுவானாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். காலையில் கிளம்பும்போது மீனாட்சியை நினைத்து நெற்றியில் விபூதி இட்டுக்கொள்வேன். கொஞ்சம் விபூதியை ஜெனரேட்டர் நெற்றியிலும் தடவுவேன். முதலாளி சிரிப்பார். "எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடி திருநீறு பூசுறவன் நீ ஒருத்தன்தான்டா" என்பார்.

சித்திரை மாதம். அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரப் போகிற சமயம். கடையில் இருந்த ஜெனரேட்டர் எல்லாம் பந்தல்களுக்குப் போய்விட்டன. நான் மட்டும் உட்கார்ந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். வேர்த்து விறுவிறுக்க ஒரு பெண் வந்து நின்றாள். கல்யாண வயது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சு.

"அண்ணே, எங்க வீட்டு ஜெனரேட்டர் நின்னு போச்சு. கொஞ்சம் வந்து பாக்குறீகளா?"

"வீடு எங்கம்மா?"

"ஆனையூருக்கு அங்கிட்டு, புளியந்தோப்புல நிக்கிது."

"வீடு நிக்கிதா?"

"ஆமாண்ணே. நேத்து வரைக்கும் கொட்டாம்பட்டில நின்னுச்சு."

முதலாளி கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, உங்க வீட்டுக்கு ரிவர்ஸ் கியர் உண்டா?"

அவள் சிரிக்கவில்லை. "உண்டு. பஸ்சுண்ணே அது. எங்கய்யா பஸ்ச வீடா மாத்தி வச்சிருக்காரு. ஆத்தாவுக்குக் கை கால் விழுந்து ஒரு வருசமாச்சு. ஒரே கெடையாப் படுத்து முதுகெல்லாம் புண்ணு. காத்தாடி இல்லாட்டி இந்த வெக்கையில துடிச்சுப் போகுது."

முதலாளி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

போகிற வழியில் அந்தப் பெண் எல்லாம் சொன்னாள். அவளுடைய அப்பா ஒரே ஒரு பஸ் வைத்து, தானே ஓட்டிப் பிழைத்தவர். மனைவி விழுந்ததும் ரூட் பர்மிட்டை விற்றுவிட்டார். பஸ்ஸை விற்கவில்லை. சீட்டையெல்லாம் கழற்றிக் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, விளக்கும் காற்றாடியும் மாட்டி, சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகக் கிளம்பிவிட்டார். ராமேஸ்வரம், திருச்செந்தூர், பழனி, சமயபுரம் எல்லாம் போய் வந்தாயிற்று. கடைசியாக மதுரை. அழகரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"எங்கயும் ஒண்ணும் நடக்கலண்ணே" என்றாள். "ஆத்தா எதுவும் சொல்லாது. அய்யாதான் ஒவ்வொரு கோயில் விட்டு வரும்போதும் அது கைய எடுத்துக் கிள்ளிப் பாப்பாரு. தெரியுதாம்பாரு. அது இல்லைன்னு தலைய ஆட்டும்."

பஸ் புளியமரத்தடியில் நின்றது. உள்ளே ஏறும் இடத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாமி படங்கள், பித்தளை விளக்கு. வீடு என்றால் வீடுதான். பின்வாசலை ஒட்டிக் கட்டில். அதில் அந்த அம்மா படுத்திருந்தார். அந்தப் பெரிய மனிதரை நான் அண்ணே என்றும் அந்த அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டேன். இன்றுவரைக்கும் எனக்கு அவர்கள் அப்படித்தான்.

ஜெனரேட்டர் எங்கே இருந்தது தெரியுமா? மதினி தலைமாட்டு ஜன்னலுக்கு நேர் கீழே. மரப்பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே தகரமெல்லாம் கரி.

"அண்ணே, முதல்ல இத அந்தாண்ட மரத்துக்குக் கொண்டு போவோம்" என்றேன்.

"அம்புட்டுத் தூரத்துல வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்ல தம்பி."

"ஜெனரேட்டரத் தூக்கிட்டுப் போனா வேற வாங்கிக்கலாம்ணே. இந்தப் புகை மதினியத் தூக்கிட்டுப் போயிரும்."

உள்ளேயிருந்து மதினி குரல் வந்தது. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருந்ததால் பேச்சு இழுத்து இழுத்து வரும். "அதான் ராத்திரி பகலா தலை கிறுகிறுங்குதா? நான் இந்த மனுசன் பேசிப் பேசித்தான் இப்பிடி வருதுன்னுல்ல நெனச்சேன்."

அண்ணன் ஜெனரேட்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கத்தை நான் தூக்கினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை பஸ்ஸுக்கு எதிர்த்திசையில் போகும்படி வேறொரு மரத்தடியில் வைத்தோம். கார்புரேட்டரில் தூசி. கழற்றித் துடைத்து, பெட்ரோலில் கிளப்பி, சீமெண்ணெய்க்கு மாற்றினேன். ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் கொஞ்சம் ஈரம் கசிகிற இடமாகப் பார்த்து எர்த் கம்பி ஒன்றை அடித்து, அதோடு ஜெனரேட்டரைக் கட்டினேன். எங்கள் கடையில் எல்லாரும் பழகிய வேலை அது. ஜெனரேட்டர் இறங்கினால் கம்பியும் இறங்கும்.

கையெல்லாம் எண்ணெய். தோப்பை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில், அதன் முன்னால் ஒரு அடிகுழாய். "கை கழுவிட்டு வாரேன்ணே, வந்து வண்டியப் பாக்குறேன், அதுவரைக்கும் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். இஞ்சின் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. மனைவி புழுங்கிக்கொண்டு கிடக்கிறாள். மனிதர் பொறுப்பாரா? ஒயரை இழுத்துப் போய்ச் செருகிவிட்டார். காற்றாடி சுற்றியது.

பிற்பாடு நடந்ததைப் பதறாமல் சொல்லப் பார்க்கிறேன். உங்களுக்கு வரிசை விளங்க வேண்டும்.

சாயங்காலமானால் மதினியைத் தூக்கிப் பின்வாசல் பக்கத்து மர நாற்காலியில் உட்கார வைப்பார்கள். விழாமல் இருக்க, இடது கையால் வாசல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்கும் அப்படி உட்கார்ந்திருந்தார். மகள் கோயிலிலிருந்து குங்குமம் வாங்கிக்கொண்டு வந்தாள். பிரசாதத்தை யாராவது இடது கையில் வாங்குவார்களா? மதினிக்கு விழுந்தது வலது பக்கம். அதனால் மகள் கீழே மண்ணில் நின்றபடியே, ஆத்தாவின் அந்த உணர்ச்சி இல்லாத வலது கையைத் தன் கையால் தூக்கிப் பிடித்து, அதில் குங்குமத்தை வைத்தாள். ஒவ்வொரு கோயிலிலும் அப்படித்தான் வைத்தாளாம்.

நான் குழாயடியில் இருந்தேன். ஒரு அலறல் கேட்டது.

"ஆத்தாவுக்குக் கை தெரியுது! அய்யா, ஓடி வாங்க, ஆத்தாவுக்குக் கை தெரியுது!"

கோயிலில் விளக்குப் போட வந்திருந்த பெண்கள் எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். மதினி முகம் வெளுத்து, கண்ணெல்லாம் தண்ணீர். "ஜிவ்வுன்னு வந்துச்சுடீ. மோதிர விரல்லேருந்து ஜிவ்வுன்னு ஏறுச்சு" என்கிறார். மகள், "எனக்கும் சிலிர்த்துச்சு, தொட்டவுடனே உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு" என்று நடுங்குகிறாள். கூட்டத்தில் இருந்த ஒரு வயசான அம்மா, "மீனாட்சி எறங்கிட்டாடி!" என்றார். உடனே எல்லாரும் குலவை போட ஆரம்பித்தார்கள்.

தம்பிகளா, நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அதை மறைக்க மாட்டேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. எத்தனை கோயில் ஏறி இறங்கியிருக்கிறார்கள், கடைசியில் என் தாய் கைவிடவில்லை என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மனைவியின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தபடி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை.

"தெரியுதா தாயி?"

மதினி தலையை ஆட்டினார். இல்லை.

"எனக்கு ஏன் வரல?" என்றார் அண்ணன்.  "நான் தொட்டா மட்டும் ஏன் வரல? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அந்த வயசான அம்மா அதட்டினார். "செருப்பக் கழட்டுய்யா! சாமி எறங்கியிருக்கு, செருப்போட வந்து கையப் பிடிக்கிற!"

அவர் காலில் டயர் செருப்பு. பதறிப் போய் உதறிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்று மறுபடி கையைப் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் இரண்டு பேர் உடம்பும் உலுக்கியது. "வந்துட்டா! வந்துட்டா என் தாயி!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். குலவை இன்னும் உயர்ந்தது.

எல்லாரும் மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண் மட்டும் அந்தச் செருப்பில் நின்றுவிட்டது. டயர் செருப்பு. ரப்பர். போட்டிருந்தால் வரவில்லை, கழற்றினால் வருகிறது.

என் தாய் மீனாட்சி செருப்புப் பார்த்து இறங்குகிறவளா?

 மதினியின் இடது கை கைப்பிடிக் கம்பியில் இருந்தது. பஸ்ஸின் உடம்பு முழுக்கக் கரண்ட். அது அந்தக் கை வழியாக ஏறி, இந்தக் கை வழியாக இறங்கி, கீழே வெறுங்காலோடு நிற்கிறவர் வழியாக மண்ணுக்குப் போகிறது. சித்திரை வெயிலில் பஸ்ஸடி மண் பொரிமண்ணாகக் காய்ந்து கிடந்ததால் ஜிவ்வென்று தெரிந்ததோடு போயிற்று. அதே மண் நனைந்திருந்தால்?

அப்படி நினைத்துக்கொண்டே திரும்புகிறேன், மகள் வாளி நிறைய மஞ்சள் தண்ணீரோடு வருகிறாள். வேப்பிலை மிதக்கிறது. சாமி வந்தவர் காலைக் கழுவிவிட வேண்டாமா? பெண்கள் எல்லாரும் செருப்பில்லாமல், அந்தக் கையால் திருநீறு வாங்கிக்கொள்ள வரிசை கட்டி நிற்கிறார்கள்.

அந்த நொடியில் கால் எந்தப் பக்கம் போகும்? ஆபத்தில் இருக்கிறவரை நோக்கித்தான் போகும். மதினியின் கையைக் கம்பியிலிருந்து தட்டிவிடத்தான் தோன்றியது. குழாயடியிலேயே செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்ததில் நானும் அப்போது வெறுங்கால். நான் தொட்டால் நானும் அந்தச் சங்கிலியில் ஒருவன். கத்தினால் குலவையில் யாருக்கும் கேட்காது. கேட்டாலும், சாமி வந்த இடத்தில் "தொடாதே" என்கிறவன் பேச்சை யார் எடுப்பார்கள்?

நான் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெனரேட்டரைப் பார்த்து ஓடினேன். அந்தத் தூரம் பெரிய தூரம் இல்லை. ஆனால் அவ்வளவு நீளமான ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை. தாயே, அந்தப் பெண் கால் இடறி விழட்டும், வாளி கொட்டட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். போன வேகத்தில் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். திரும்பிப் பார்த்தபோது வாசலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மதினி நாற்காலியில்தான் இருந்தார். காற்றாடி சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது.

அண்ணன் வந்து என் சட்டையைப் பிடித்தார். "ஏன்டா நிப்பாட்டின? எவன்டா உன்ன நிப்பாட்டச் சொன்னான்?"

"அண்ணே, இப்பப் போயி மதினி கையத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். ஒன்றும் இல்லை. இதோடு விளங்கிவிடும் என்று நினைத்தேன். அந்த வயசான அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாமி மலையேறிருச்சு. அந்தக் கரி மூஞ்சிக்காரன் முதுகக் காட்டிக்கிட்டு ஓடவும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அதற்குள் கோயிலில் மணி அடித்தது. தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராக என்னை முறைத்துக்கொண்டே போனார்கள். அந்த மணியும் மீனாட்சி அடித்ததுதான் என்று நான் நம்புகிறேன். ஊர்ச் சனத்துக்கு முன்னால் வைத்து அந்த மனிதரிடம் நான் அதைச் சொல்லியிருக்க முடியாது.

நாலு பேர் மட்டும் நின்றோம். மதினி காலைத் துடைத்து, இரண்டு கையையும் மடியில் வைக்கச் சொன்னேன். மகளை ஈரம் இல்லாத இடத்துக்குத் தள்ளி நிற்கச் சொன்னேன். அண்ணனைச் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நானும் போட்டுக்கொண்டேன். ஒயரை மறுபடி செருகி, பெட்டியிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்தேன். நீள ஒயர் ஒன்றை எர்த் கம்பியில் கட்டி இழுத்து வந்து லாம்பின் ஒரு முனையில் முறுக்கினேன். மறுமுனையைப் பஸ் கைப்பிடியில் வைத்தேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

அண்ணன் அதையே பார்த்தார். முப்பது வருஷம் பஸ்ஸோடு வாழ்ந்தவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் நம்ப மாட்டாமல் கேட்டார். "பாடியில எப்படிய்யா வரும்? பாடி ரிட்டர்னுல்ல?"

அங்கேதான் இருந்தது விஷயம். பஸ்ஸில் பாட்டரியிலிருந்து ஒரு ஒயர்தான் விளக்குக்குப் போகும். திரும்பி வருவதற்கு ஒயர் கிடையாது, வண்டியின் உடம்பே அதற்குப் பாதை. காலமெல்லாம் அப்படியே பார்த்துப் பழகியவர், மனைவிக்கு மாட்டிய காற்றாடிக்கும் ஒரே ஒரு ஒயர் இழுத்து, மறுமுனையைப் பாடியில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார். இத்தனை நாள் ஜெனரேட்டர் மரப்பலகை மேல் மண்ணோடு ஒட்டாமல் இருந்தது, எதுவும் வெளியே தெரியவில்லை. இன்றைக்கு நான் அதை இறக்கி மண்ணோடு கட்டினேன், கரண்ட் மண் வழியாக ஜெனரேட்டருக்குத் திரும்ப வழி கிடைத்தது. அவர் அவசரத்தில் இரண்டு முனை பிளக்கைத் திருப்பிச் செருகினார். ரிட்டர்ன் போக வேண்டிய பாதையில் கரண்ட் வந்துவிட்டது.

"பாட்டரிக் கரண்டுக்குத்தாண்ணே பாடி ரிட்டர்னு" என்றேன். "இதுக்கு அப்பிடி இல்ல."

அவர் செருப்புக் காலோடு படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான் போட்ட ஒயரு" என்றார். "ஒருத்தனையும் தொட விடாம என் கையாலயே போட்ட ஒயரு தம்பி. அவளுக்குன்னு போட்டது."

"என்ன அங்கிட்டுக் குசுகுசுன்னு?" என்றார் மதினி. "பல்பு ஏன் எரியிது? யாராச்சும் சொல்லுங்க."

அண்ணன் தலை நிமிரவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.  சுற்றி வளைத்துச் சொன்னால் அவருக்கு இன்னும் வலிக்கும் என்று தோன்றியது. "மதினி, கையில வந்தது சாமி இல்ல. கரண்டு. வண்டியில கரண்டு ஏறியிருந்துச்சு. தண்ணி பட்ருந்தா…" 

மதினி மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். குங்குமம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து நின்றேன். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார். "கரண்டாவே இருக்கட்டும் கொழுந்தனாரே. கைக்குத் தெரிஞ்சுச்சுல்ல?"

நான் டெஸ்ட் லாம்பைக் கீழே வைத்தேன்.

"ஒரு வருசமா சுடுதண்ணி ஊத்துனாலும் தெரியாத கை. ஊசி குத்துனாலும் தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சுச்சுல்ல? செத்த கைக்குத் தெரியுமா?"

"நான் டாக்டர் இல்ல மதினி" என்றேன். "ஆமாங்கவும் தெரியல, இல்லைங்கவும் வாய் வரல."

"சரி விடுங்க." அண்ணன் பக்கம் திரும்பினார். "எந்திரிய்யா. கட்டுன நாள்லேருந்து நீ எனக்கு ஷாக்குக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்க. இன்னைக்கு ஒயர் வச்சுக் குடுத்த, அம்புட்டுத்தான். ஒக்காந்து அழுதா காத்தாடி சுத்துமா? அந்தத் தம்பிகூட சேந்து சரி பண்ணு. எனக்கு வேர்க்குது."

மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

பொழுது இறங்குவதற்குள் நானும் அண்ணனும் வேலையை முடித்தோம். பாடியில் முறுக்கியிருந்த போல்ட்டை எல்லாம் அவரே கழற்றினார். ஒவ்வொன்றையும் கழற்றும்போது ஒரு பெருமூச்சு விட்டார். விளக்குக்கும் காற்றாடிக்கும் திரும்பி வருவதற்குத் தனி ஒயர் இழுத்தோம். பாடியை எர்த்தில் கட்ட, பின்வாசல் ஓரமாக இன்னொரு கம்பி அடித்தோம். மண் காய்ந்து கிடந்ததால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன்.

"வாளியில மிச்சம் இருக்குல்ல" என்றார் மதினி. "அதையே ஊத்துங்க. சாமிக்குன்னு கொண்டாந்தது வீணாப் போக வேணாம்."

மஞ்சள் தண்ணீரை மகள் கம்பியடியில் ஊற்றினாள். வேப்பிலை அங்கேயே தங்கிவிட்டது.

ஜெனரேட்டரைக் கிளப்பி லாம்பை வைத்துப் பார்த்தேன். முதலில் பிளக்கில். எரிந்தது. லாம்ப் நன்றாக இருக்கிறது. பிறகு கைப்பிடியில். எரியவில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகி வைத்துப் பார்த்தேன். அப்போதும் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் மதினியைக் கம்பியைப் பிடிக்கச் சொன்னேன்.

அவர் பிடித்துக்கொண்டார். மகளைக் கூப்பிட்டு, மறுபடி குங்குமம் வைக்கச் சொன்னார். மகள் வலது கையைத் தூக்கிக் குங்குமத்தை வைத்தாள். மதினி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி குடுடீ" என்றார் கடைசியில். 

கிளம்பும்போது டெஸ்ட் லாம்பை அண்ணன் கையில் கொடுத்தேன். எப்படிப் பார்ப்பது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. "அவுக நம்பிக்கையப் பிடுங்கிட்டு வந்துட்டேன்" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். பிறகு, "மண்ணு காஞ்சு கெடந்துச்சுன்னீகளே, அது யாரு வேலை?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு அந்த உறுத்தல் இல்லை. மீனாட்சி அங்கே இறங்கத்தான் செய்தாள். நாங்கள் தேடிய இடத்தில் இறங்கவில்லை. காய்ந்த மண்ணிலும், ஒரு ஜோடி டயர் செருப்பிலும் இறங்கினாள்.

தம்பிகளா, நாம் போகிற இடமெல்லாம் கல்யாணமும் கொடையும் நோயாளியுமாகத்தான் இருக்கும். எல்லாரும் உணர்ச்சியில் இருப்பார்கள். அழுவார்கள், ஆடுவார்கள், நம்மைத் திட்டுவார்கள். நாமும் கும்பிடலாம், தப்பில்லை. கும்பிடும்போது ஒரு கண் திறந்திருக்கட்டும். ஒரு தப்பைச் சரி செய்துவிட்டோம் என்றால் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் புகையை விலக்கினேன், அந்த வேலைதான் ஒயரில் ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவந்தது. சக்கரத்தின் மேல் நிற்கிற வீட்டுக்கு மண்ணைத் தொட வழி கிடையாது. அந்த வழியை நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் ஒரு மனிதர் வழியாக மண்ணைத் தேடிக்கொள்ளும்.

அடுத்த சித்திரையில், யாரும் கூப்பிடாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆனையூர்ப் பக்கம் போனேன். அதே தோப்பு. அதே புளியமரம். பஸ் நின்றது. மகளுக்குக் கல்யாணம் ஆகி, புருஷன் வீட்டில் இருந்தாள். அண்ணனும் மதினியும் மட்டும் வந்திருந்தார்கள். பின்வாசலில் எர்த் கம்பி அடித்திருந்தது. அதைச் சுற்றி ஒரு சின்னக் கோலம். கோடு கோணல்மாணலாக இருந்தது. ஆம்பிளை போட்டது.

"வாங்க கொழுந்தனாரே" என்றார் மதினி. "எங்க வாசல்ல நட்ட மரம் எப்பிடி இருக்கு? தெனமும் தண்ணி ஊத்துறாரு, ஒரு எலையும் விட மாட்டேங்குது."

"கை எப்பிடி இருக்கு மதினி?"

"அப்பிடியேதான் இருக்கு. இவரு விடுறாரா? செத்த கையின்னு நெனச்சு விட்டுட்டமே, உசுரு இருக்கு, உசுரு இருக்குன்னு காலையும் மாலையும் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறாரு. சில நாளு மோதிர விரல்ல மட்டும் ஒரு சூடு தெரியிற மாதிரி இருக்கு. எண்ணெய்ச் சூடா, அவரு கைச் சூடான்னு தெரியல."

பொழுது சாய்ந்தது. அண்ணன் ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு வந்தார். சாமி படத்துக்கு முன்னால் பித்தளை விளக்கில் எண்ணெயும் திரியும் தயாராக இருந்தது. அதை ஏற்றுவார் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. படங்களுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த என் பழைய டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஹோல்டரில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

பிளக்கில் வைத்தார். எரிந்தது. பிறகு வாசலுக்கு வந்து, ஒரு முனையை எர்த் கம்பியிலும் மறுமுனையைக் கைப்பிடியிலும் வைத்தார். மூன்று பேரும் அந்தப் பல்பையே பார்த்தோம்.

"எரியல தாயி" என்றார்.

மதினி இடது கையால் வலது கையைத் தூக்கி, அதோடு சேர்த்து வைத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் அண்ணன் தீப்பெட்டியை எடுத்துச் சாமி விளக்கை ஏற்றினார்.